தோற்றவர் பெயரில் ஒரு நூல்

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்தபோது, 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை படிப்பதற்காகப் பூரிக்குச் சென்றேன். இன்று நாம் ஒடிசா என்று அழைக்கும் மாநிலத்தின் கடற்கரை நகரம் பூரி. அந்நாளில் அம்மாநிலத்தின் பெயர் ஒரிசா. 2011இல்தான் பெயர் மாறியது. இடைக்கால இந்திய இலக்கியங்களைப் பற்றிய அக்கருத்தரங்கில் பல மொழி மாணவர்களும் கட்டுரை படிக்கவிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம். அதன்பின் வினாக்களுக்குப் பத்து நிமிடம். கட்டுரை ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்த எனக்கு அந்தக் கடைசி விதியே போதுமான அச்சத்தைத் தந்தது. ஆயினும் உண்மையான இக்கட்டு மொழியில் இல்லை; தலைப்பில் இருந்தது.

நான் எழுதியிருந்தது கலிங்கத்துப்பரணியைப் பற்றி. பூரியோ, பழைய கலிங்கத்தைத் தம் முன்னோர் நாடாகப் போற்றும் மக்களின் ஊர்.

எங்கள் துறைத்தலைவர் ஐயா கட்டுரையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கட்டுரை நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால், விருந்துக்குப் போகிற வீட்டில் அவர்கள் தோற்றுப்போன வழக்கைப் பற்றிப் பேசலாமா? வேறு தலைப்பு ஏதேனும் யோசித்துப் பாரேன்" என்றார். வகுப்புத் தோழிகளுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "கருணாகரத் தொண்டைமானுக்குப் பிறகு கலிங்கத்தின்மீது படையெடுப்பவள் நீதான்" என்றாள் ஒருத்தி. "யானைப்படை எங்கே?" என்றாள் மற்றொருத்தி. யானைப்படை இல்லை, என் அம்மா உடன்வருவதாக இருந்தது. பெண்ணைத் தனியே இரண்டு நாள் ரயில் பயணத்திற்கு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. ஜெகந்நாதரைத் தரிசித்த புண்ணியமும் சேரட்டும் என்று அம்மா புறப்பட்டார்.

தலைப்பை நான் மாற்றவில்லை. திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டி ஆற்றங்கரையில் பிறந்தவள் நான். பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் மேசையைத் தட்டித் தாளமிட்டபடி பரணியைப் பாடுவார். பொருள் புரிவதற்கு முன்பே அந்த ஓசை எனக்குள் இறங்கியிருந்தது. குதிரைகள் ஓடுவதும் முரசுகள் முழங்குவதும் சொற்களின் ஒலியிலேயே கேட்கும். அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுத எனக்கு விருப்பமில்லை.

பரணி என்பது என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடும் சிற்றிலக்கியத்திற்குப் பரணி என்று பெயர். நமக்குக் கிடைத்துள்ள பரணிகளுள் காலத்தால் முற்பட்டது சயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணி. முதற் குலோத்துங்க சோழனுக்குக் கலிங்க வேந்தன் அனந்தவர்மன் திறை செலுத்தத் தவறினான் என்பதும், ஏறத்தாழ 1110ஆம் ஆண்டையொட்டிப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் பெரும்படையுடன் வடக்கே சென்று வென்றான் என்பதும் நூலின் பொருள். ஆனால், நூலில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்பவை பேய்கள்! பசியால் வாடிக் கிடக்கும் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன, போர் வருகிறது, போர் முடிந்தபின் களத்திற்கு ஓடிக் கூழ் சமைத்து உண்கின்றன. அச்சமும் அருவருப்பும் நகைச்சுவையும் ஒருசேரக் கலந்த பகுதி அது. உலையேற்றுவது, துழாவுவது, பதம் பார்ப்பது, பந்தியமர்த்திப் பரிமாறுவது என்று ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டே அங்கே நடக்கிறது. 'கூழ்' என்பதற்கு ஆங்கிலத்தில் நான் தேடிப் பிடித்த சொல்லில் அந்தக் கொதியும் மணமும் இல்லவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பரணி நூல்களுக்குத் தோற்றவர் பெயராலேயே பெயரிடுவது மரபு. வென்றது சோழப்படை, பாடியவர் சோழர் அவைப் புலவர், ஆனால் நூலுக்குப் பெயர் சோழப்பரணி அன்று, கலிங்கத்துப்பரணி. இதை எத்தனையோ முறை தேர்வில் இரண்டு மதிப்பெண் விடையாக எழுதியிருக்கிறேன். அதன் பொருளை அந்தப் பயணத்தில்தான் நின்று நினைத்தேன்.

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் ரயிலில் எங்களுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. ராஜமுந்திரியில் கோதாவரியைக் கடந்தபோது, அம்மா வழக்கம்போல் ஒரு நாணயத்தை ஆற்றில் எறிந்து கும்பிட்டார். பாலம் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுகொண்டே போயிற்று. குலோத்துங்கனின் தந்தைவழி நாடு இந்த வேங்கிதான். அவன் தாய் அம்மங்கை, முதலாம் இராசேந்திர சோழனின் மகள்; தந்தையோ கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரன். தெலுங்கு மகாபாரதத்தைத் தொடங்கிவைத்த நன்னயர் அந்தத் தந்தையின் அவையில் இருந்தவர். அப்படியானால் சோழப் பேரரசன் குழந்தையாக இருந்தபோது எந்த மொழியில் மழலை பேசியிருப்பான்? வரலாற்று நூல்கள் இதற்கு விடை சொல்வதில்லை. பெட்டியில் எங்களுக்கு எதிரே அமர்ந்திருந்த தெலுங்குக் குழந்தை, அம்மாவின் முறுக்கு டப்பாவைக் காட்டி ஏதோ கேட்டது. மொழி புரியாவிட்டாலும் என்ன கேட்கிறது என்பது அம்மாவுக்குப் புரிந்தது.

குர்தா ரோடு சந்திப்பில் இறங்கி, வேறு ரயில் ஏறிப் பூரியை அடைந்தோம். சைக்கிள் ரிக்‌ஷா ஒரு தெருமுனையில் திரும்பியதும் கடல் தெரிந்தது. பூரிக் கடல் சாதுவான கடல் அன்று. அலைகள் கரைக்கு வெகு அருகில் எழுந்து ஓங்கி அறைகின்றன. நீராட வருவோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதற்கென்றே அங்கே நுலியா என்னும் மீனவர்கள் இருக்கிறார்கள். தலையில் கூம்பு வடிவத்தில் வெள்ளைத் தொப்பி, தொப்பியின்மேல் எண். அப்படி ஒருவர் அம்மாவின் கையைப் பற்றி அலைக்குள் அழைத்துச் சென்றார். ஒடியாவில் பேசிய அவர், கரையில் நின்ற தம் தோழரை அழைத்தபோது மொழி மாறிற்று. அது தெலுங்கு! எங்கள் தெருவிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு என்பதால் அம்மாவுக்குச் சில சொற்கள் தெரியும். கேட்டார். ஆந்திரக் கரையிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பு வந்து பூரியில் தங்கிவிட்ட மீனவர் குடியினர் அவர்கள். வீட்டில் தெலுங்கு; வெளியில் ஒடியா; யாத்திரை வருவோரிடம் இந்தியும் வங்காளமும். "எங்கள் பிள்ளைகள் ஒடியாப் பள்ளியில் படிக்கிறார்கள். கடலோடு மட்டும் தெலுங்கில்தான் பேசுவோம்" என்றாராம். அம்மா அதை எனக்குச் சொன்னபோது, நனைந்த புடைவையைப் பிழிந்துகொண்டே சிரித்தார். இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் பலருடைய வீடும் ஏறக்குறைய அப்படித்தானே இருக்கும்?

மாலையில் கோயிலுக்குச் சென்றோம். சிங்க வாயிலைக் கடந்து இருபத்திரண்டு படிகள் ஏறி உள்ளே போக வேண்டும். மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் சமைக்கும் பெரிய மடைப்பள்ளி. அந்த மகாபிரசாதத்தைச் சாதிப் பாகுபாடின்றி எல்லோரும் உட்கார்ந்து உண்ணும் ஆனந்த பஜார் என்னும் இடம். அம்மா எல்லாவற்றையும் வாய்திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ விமானத்தை அண்ணாந்து பார்த்ததும் கால் நகரவில்லை. ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயிலின் நிழலில் வளர்ந்தவளுக்கு உயரம் புதிதன்று. ஆனால் இந்தப் பெருங்கோயிலைக் கட்டத் தொடங்கியவன் அனந்தவர்மன். என் கட்டுரையில் திறை கொடுக்கத் தவறித் தோற்றோடும் அதே கலிங்க வேந்தன்!

அவனுடைய முழுப்பெயர் அனந்தவர்மன் சோடகங்கன். சோடகங்கன் என்றால் சோழகங்கன். கங்க மரபினனாகிய அவன் பெயரில் சோழம் எப்படி வந்தது? அவன் தாய் இராசசுந்தரி சோழ அரசகுலத்து மகள். ஆக, வென்ற மன்னனின் தந்தைவழி தெலுங்கு நாட்டது. தோற்ற மன்னனின் தாய்வழி சோழ நாட்டது. இவையெல்லாம் என் கட்டுரையின் அடிக்குறிப்புகளில் இருந்த செய்திகள்தாம். அடிக்குறிப்பில் இருக்கும் ஒருவன் கட்டிய கோயிலின் முன்னால் நிற்பது வேறு அனுபவம்.

அன்றிரவு விடுதியில் எனக்கு உறக்கம் வரவில்லை. கட்டுரையின் ஏழாம், எட்டாம் பக்கங்களைத் தனியே எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்ற கலிங்க வீரர்கள் உயிர் பிழைக்க மாறுவேடம் பூண்டு ஓடுவதைச் சயங்கொண்டார் நகைச்சுவையாகப் பாடும் பகுதி அப்பக்கங்களில் இருந்தது. ஒருவன் வில்லின் நாணைப் பூணூலாக அணிந்து, கங்கையாட வந்த அந்தணன் என்கிறான். ஒருவன் தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணத் துறவி என்கிறான். யானையின் மணியைக் கையில் எடுத்துக்கொண்டு, நாங்கள் பாணர்கள் என்கிறார்கள் சிலர். மிக நன்றாக எழுதப்பட்ட பகுதி. அதனாலேயே மிக அதிகமாகக் குத்தக்கூடிய பகுதி. அவ்விரு பக்கங்களையும் விட்டுவிட்டு ஆறிலிருந்து ஒன்பதுக்குத் தாவினால் கேட்பவர் எவருக்கும் தெரியாது.

"இன்னும் விளக்கை அணைக்கவில்லையா?" என்று அம்மா எழுந்தார். சொன்னேன். அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பரணியெல்லாம் அவருக்குத் தெரியாது. "அந்தப் புலவர் எழுதியதில் அது இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்படியானால் எடுத்துவிட்டால் அது வேறு நூலாகிவிடாதா? போ, தூங்கு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கங்களை மீண்டும் இடையில் செருகிக் குண்டூசி குத்தினேன்.

மறுநாள் முற்பகல் அமர்வில் மூன்றாவதாக என் பெயர் அழைக்கப்பட்டது. அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் வெண்மையான தலைமுடியுடைய ஒடியாப் பேராசிரியர். முதலில் நூலின் பெயரைப் பற்றிச் சொன்னேன்: இது உங்கள் நாட்டின் பெயரைத் தாங்கிய எங்கள் நூல். பிறகு சோடகங்கனின் தாயைப் பற்றிச் சொன்னேன். அதன்பின் போர், பேய்கள், கூழ். ஏழாம், எட்டாம் பக்கங்களை வந்தடைந்தபோது குரல் தாழ்ந்துவிட்டது. ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்தேன். முடித்ததும் தலைவர், "தமிழில் இரண்டு தாழிசைகளைப் பாடிக் காட்டுங்கள், மா" என்றார். அங்கே இளம்பெண்களை அன்போடு 'மா' என்றுதான் அழைக்கிறார்கள்; நம் 'அம்மா'வைப் போலவே. மேசையைத் தட்டிக்கொண்டு பாடினேன். பொருள் தெரியாதவர்களின் தலைகளும் தாளத்திற்கேற்ப அசைந்தன.

பின்வரிசையிலிருந்து ஒடியா மாணவி ஒருவர் எழுந்தார். என் வயதுதான் இருக்கும். "எங்கள் வீரர்கள் ஓடுவதைப் பற்றிப் படித்தீர்களே, அதை வகுப்பில் படிக்கும்போது நீங்கள் சிரிப்பீர்களா?" என்று கேட்டார்.

அரங்கம் அமைதியாயிற்று. மழுப்பலாகச் சொல்வதற்கு எனக்கு அவ்வளவு ஆங்கிலமும் தெரியாது. "சிரிப்போம்" என்றேன். "பாடிய புலவர் வென்றவர் அவையில் இருந்தவர். வென்றவரை மகிழ்விக்கவே பாடினார். அவர் கவிதை எங்களை இன்றும் சிரிக்க வைக்கிறது. ஆனால், ஓடியவர்களுக்கும் வீடு இருந்திருக்கும். அதைப் புலவர் பாடவில்லை. பாடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்." அந்த மாணவி புன்னகை செய்யவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு அமர்ந்தார். என் விடை அவருக்கு நிறைவளித்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போது தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்களும் சிரித்திருக்கிறோம்" என்றார். "உங்களைப் பார்த்து!" பிறகு அவர் சொன்ன கதையின் பெயர் காஞ்சி காவேரி. என் ஊர் ஆற்றின் பெயரைப் பூரியில் ஒரு கதையின் தலைப்பாகக் கேட்டபோது மெய்சிலிர்த்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஒடிசாவை ஆண்ட கஜபதி மன்னர் புருஷோத்தம தேவர். அவருக்குக் காஞ்சி அரசனின் மகள் பத்மாவதியை மணம் பேசினார்கள். அந்நேரம் பூரியில் தேர்த்திருவிழா. மன்னரே பொற்பிடி போட்ட துடைப்பத்தை ஏந்தி ஜெகந்நாதரின் தேரைப் பெருக்குவது அங்கே மரபு. இன்றும் கஜபதி மரபினர் அதைச் செய்கிறார்கள். அதைக் கண்ட காஞ்சித் தரப்பினர், "தெருக்கூட்டுபவனுக்கா எங்கள் பெண்?" என்று திருமணத்தை முறித்தார்களாம். சினந்த புருஷோத்தம தேவர் படையெடுத்தார். முதல்முறை தோற்றுத் திரும்பினார். ஜெகந்நாதரிடம் முறையிட்டுவிட்டு மறுபடியும் புறப்பட்டார். இம்முறை படைக்கு முன்னால், யாரும் அறியாமல், இரண்டு வீரர்கள் சென்றார்கள்: ஒருவர் கறுப்புக் குதிரையில், ஒருவர் வெள்ளைக் குதிரையில். அவர்கள் ஜெகந்நாதரும் அவர் அண்ணன் பலபத்திரரும்.

சிலிகா ஏரியின் அருகே வந்தபோது கடவுளர்க்குத் தாகம் எடுத்தது. மாணிகா என்னும் இடைப்பெண் தயிர்ப்பானையோடு எதிரே வந்தாள். இருவரும் வாங்கிக் குடித்தார்கள். குடித்தபின்தான் கையில் காசில்லை என்பது தெரிந்தது! தம் மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்து, "பின்னால் எங்கள் அரசர் வருகிறார், இதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அரசர் வந்தார். மோதிரத்தைப் பார்த்தார். அது யாருடையது என்று அறிந்ததும் குதிரையிலிருந்து இறங்கிவிட்டார். தயிருக்கு விலையாக அவளுக்கு நிலம் கொடுத்தார் என்றும், மாணிகபாட்டணம் என்னும் ஊர் அவள் பெயரால் அமைந்தது என்றும் சொல்கிறார்கள்.

காஞ்சி வீழ்ந்தது. பத்மாவதி சிறைப்பிடிக்கப்பட்டாள். "என்னைத் தெருக்கூட்டுபவன் என்றார்கள் அல்லவா? இவளை ஒரு தெருக்கூட்டுபவனுக்கே மணம் முடித்துவிடு" என்று அமைச்சருக்கு ஆணையிட்டார் மன்னர். அமைச்சர் அறிவாளி, இரக்கமும் உள்ளவர். ஆணைக்குத் தலைவணங்கிவிட்டு அடுத்த தேர்த்திருவிழாவரை காத்திருந்தார். மன்னர் துடைப்பத்தை எடுத்துத் தேரைப் பெருக்கத் தொடங்கியதும், பத்மாவதியை மாலையோடு அழைத்துவந்து எதிரே நிறுத்தினார். "அரசே, இவரைவிடச் சிறந்த தெருக்கூட்டுபவர் எனக்குக் கிடைக்கவில்லை!"

அரங்கமே சிரித்தது. கேள்வி கேட்ட மாணவியும் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் காஞ்சி தோற்ற கதைக்கு நான் ஏன் சிரித்தேன்? கதை அவ்வளவு நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இக்கதை ஒடியாவில் காவியமாகவும் இருக்கிறது. 1880இல் ராமசங்கர் ராய் இதை நாடகமாக எழுதினார். பூரிக் கோயிலின் திருச்சுற்றில், காஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் கணபதியும் இருக்கிறார். முன்தினம் அம்மா அவர்முன் தோப்புக்கரணம் போட்டிருந்தார். நம் ஊரிலிருந்து வந்தவர் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

நண்பகல் உணவில் பகாளா என்று ஒன்றைப் பரிமாறினார்கள். நீரில் ஊறிய சோறு. தொட்டுக்கொள்ள வறுத்த கத்தரிக்காய், பச்சைமிளகாய். "இது நம் பழையது அல்லவா!" என்று அம்மா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். வெயில் நாட்டில் வாழும் இரு மக்கள், வெப்பத்திற்கு ஒரே மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் அருகில் அமர்ந்திருந்த பேராசிரியர், "திரும்பும் வழியில் தௌலியைப் பாருங்கள். உங்கள் கட்டுரைக்கும் அந்தப் பாறைக்கும் தொடர்பு உண்டு" என்றார்.

தௌலி, புவனேசுவரத்திற்கு அருகே தயா ஆற்றங்கரையில் உள்ள குன்று. அங்கே பாறையில் அசோகரின் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுக்கு மேலே, பாறையைப் பிளந்துகொண்டு வெளியே வருவதுபோல் ஒரு யானையின் முன்னுடல் செதுக்கப்பட்டிருக்கிறது. கலிங்கப் போரில் நூறாயிரம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர் என்று அசோகர் வருந்தி எழுதியதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது அவருடைய பதின்மூன்றாம் பாறைக் கட்டளை. வேறு பல இடங்களில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. கலிங்கத்தின் தௌலியில் மட்டும் இல்லை. கலிங்கத்திலேயே உள்ள மற்றோர் இடமாகிய ஜௌகடாவிலும் இல்லை. அவ்விரு இடங்களிலும் பதினொன்று முதல் பதின்மூன்றுவரை உள்ள கட்டளைகளை விட்டுவிட்டு, மக்கள் எல்லோரும் என் பிள்ளைகள், அவர்களை நீதியோடு நடத்துங்கள் என்று அதிகாரிகளுக்குச் சொல்லும் வேறு இரண்டு கட்டளைகளைப் பொறித்திருக்கிறார்கள்.

பாறையின் முன் நின்று அம்மாவுக்கு இதை விளக்கினேன். "அவரும் இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டாரா?" என்றார் அம்மா. ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்னும் கருணையால் அசோகர் அவ்வாறு செய்தார் என்பர் சிலர். புதிதாகப் பிடித்த நாட்டில் பழைய பகையை நினைவூட்டாதிருக்கும் ஆட்சியாளரின் முன்னெச்சரிக்கை அது என்பர் வேறு சிலர். எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது. அசோகரை மிகவும் மதிப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.

புவனேசுவரத்தில் ரயிலேறுவதற்கு முன் ஒரு பட்டசித்திரம் வாங்கினோம். துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசிக் காயவைத்து, அதன்மேல் வரையும் ஓவியம் அது. புளியங்கொட்டை என்று கேட்டதும் அம்மா துணியை முகர்ந்து பார்த்தார். நூற்றைம்பது ரூபாய் சொன்னார் கடைக்காரர். அம்மா தெரிந்த இரண்டு ஒடியாச் சொற்களைக் கொண்டு நூற்றிருபதுக்கு முடித்தார். ஒரு கறுப்புக் குதிரை, ஒரு வெள்ளைக் குதிரை, நடுவில் தலையில் பானையோடு மாணிகா.

அந்த ஓவியம் என் பணியிட மாற்றங்களில் எல்லாம் என்னுடன் வந்திருக்கிறது. இப்போது நாக்பூரில் எங்கள் தமிழ் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அவன் தந்தை திருநெல்வேலிக்காரர். மத்திய அரசுப் பணி. நான்கு ஆண்டுகள் புவனேசுவரத்தில் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். "மிஸ், இந்தக் கதை எனக்குத் தெரியும்!" என்றான். சொல் என்றேன். இடையிடையே ஒடியாச் சொற்கள் விழ, தமிழில் முழுக்கதையையும் சொன்னான். "நம்ம காஞ்சி ராஜா பொண்ணு தரமாட்டேன்னு சொல்லிட்டார்" என்றான். சற்று நேரத்தில், "அப்புறம் நம்ம ராஜா ஜெகந்நாத்கிட்டப் போய் அழுதார்" என்றான். இரண்டு அரசர்களும் அவனுக்கு 'நம்ம ராஜா'வாகவே இருந்தார்கள். வகுப்பில் எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்திக்கு இருந்த கவலையே வேறு.

"தயிருக்குக் காசு கிடைத்ததா, இல்லையா?" என்று கேட்டாள்.